புது டிஸ்பிளே போட்ட கேம்போய் மின்னி அணைகிறது: போர்ட் செத்துவிட்டதா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்கிறேன், பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். மாமா லண்டனில் இருந்து வந்தபோது விட்டுவிட்டுப் போன, கையில் வைத்து விளையாடும் கேம்போய் அட்வான்ஸ், பெரியகல்லாற்று வீட்டில் அலுமாரிக்குள் பல வருஷம் கிடந்தது. ஐபிஎஸ் என்று சொல்லும், பின்வெளிச்சத்தோடு வருகிற புது வகை டிஸ்பிளே கிற் ஒன்றை ஒன்லைனில் எடுத்து, வீடியோ பார்த்து நீங்களே மாற்றினீர்கள். முதல் நாள் பத்து நிமிஷம் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு சுவிச்சைத் தள்ளினால் பச்சை லைட் வருகிறது, டிஸ்பிளே ஒரு கணம் வெள்ளையாக மின்னுகிறது, லைட் சிவப்பாகி எல்லாம் அணைந்துவிடுகிறது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வயர் மூன்றுக்கும் ஈயம் வைத்தபோது போர்டை, அதாவது உள்ளே இருக்கும் சுற்றுப்பலகையைச் சுட்டுவிட்டாய் என்று அண்ணா சொல்கிறார். வேறு போர்ட் வாங்க வேண்டுமா என்று எழுதியிருக்கிறீர்கள். வாசிக்கும்போது எனக்குக் கேட்டது இன்னொன்று: மாமாவின் சாமானை என் கையால் கெடுத்துவிட்டேனா?

போர்ட் இப்போது வாங்காதீர்கள். கல்முனையில் ரேடியோவும் போனும் திருத்தும் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறேன். இந்த டிஸ்பிளே மாற்றும் வேலையும் கடந்த சில வருஷமாக மேசைக்கு வருகிறது. நீங்கள் சொல்லும் அடையாளத்தில் ஒரு விஷயம் நிச்சயம்: லைட் பச்சையாக வந்தால் பற்றரியின் மின்சாரம் போர்டுக்குள் போகிறது. மின்பாதையின் ஆரம்பத்தில் எஃப்1 என்று குறித்த சின்ன ஃபியூஸ் ஒன்று இருக்கிறது. அது போயிருந்தால் லைட்டே வராது, ஆகவே அதில் கை வைக்க வேண்டாம். லைட் சிவப்பாவது போர்ட் சாவதன் அடையாளம் இல்லை. எனக்கு வருகிற வோல்ற் குறைந்துவிட்டது என்று அது சொல்கிறது, அவ்வளவுதான். பற்றரியில் இருந்து போர்ட் வரைக்கும் உள்ள நாலைந்து அங்குலப் பாதையில் எங்கே வோல்ற் தொலைகிறது என்று தேடுவதுதான் நம் வேலை.

தேடத் தொடங்குமுன், மாமாவின் விளையாட்டுக் கசெற்றுகளை வெளியே எடுத்து வையுங்கள். விளையாட்டைப் பதிவு செய்யும் அந்த ஒரு வினாடியில் மின்சாரம் போனால் பதிவு குழம்பிவிடும். கசெற் இல்லாமலே இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் செய்யலாம். கேம்போய் எழுத்து வந்து அதிலேயே நிற்கும், அது பிழை அல்ல. பற்றரியைக் கழற்றினால் பழைய பதிவு அழியுமா என்று இன்னொரு கேள்வி கேட்டிருந்தீர்கள். அழியாது. போக்கிமொன் ரூபி, சஃபையர் கசெற்றுகளில் பதிவு, மின்சாரம் இல்லாமலும் அழியாத ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது, உள்ளே உள்ள பொத்தான் பற்றரி கடிகாரத்துக்கு மட்டும். அதற்கு முந்தைய கோல்ட், சில்வர் கசெற்றுகளில்தான் பதிவே அந்தப் பொத்தான் பற்றரியை நம்பி இருக்கிறது. அதுவும் கசெற்றுக்குள் உள்ளது, கேம்போயில் நீங்கள் போடும் இரண்டு டபுள் ஏ பற்றரிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இனி, பழைய டிஸ்பிளேயோடு ஓடிய சாமான் புதியதோடு ஏன் ஓடவில்லை? 2001இல் வந்த கேம்போய் அட்வான்ஸின் டிஸ்பிளேக்குப் பின்வெளிச்சமே கிடையாது, வெளியில் உள்ள வெளிச்சத்தைத் தெறிக்கவிட்டுப் படம் காட்டும். அதனால்தான் இரண்டு டபுள் ஏ பற்றரியில் 15 மணித்தியாலம் ஓடும் என்று கம்பனியால் சொல்ல முடிந்தது. ஐபிஎஸ் கிற்றில் பின்வெளிச்சமும் படத்தைப் பெருக்கிக் காட்டும் தனிச் சிப்பும் இருக்கின்றன. இரண்டும் மின்சாரம் கேட்கும். கணக்கு விளங்குவதற்காக மட்டும் எண்களை வைத்துப் பார்ப்போம். முன்பு 3 வோல்ற்றில் 0.1 அம்பியர் ஓடிய பாதையில் இப்போது 0.3 அம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். அந்தப் பாதையில் எங்கோ அரை ஓம் தடை தருகிற அழுக்கு இருந்தால், முன்பு தொலைந்தது 0.05 வோல்ற். யாருக்கும் தெரியாது. இப்போது தொலைவது 0.15 வோல்ற். இதோடு நிற்பதும் இல்லை. கேம்போய்க்குள் இருக்கும் மின்மாற்றுச் சுற்று 3 வோல்ற்றை வாங்கி 3.3, 5 என்று உயர்த்திக் கொடுக்கிறது. உள்ளே வருகிற வோல்ற் குறைந்தால், அதே வேலையைச் செய்ய அது கூடுதல் அம்பியரை இழுக்கும். கூடுதல் அம்பியர் ஓடினால் அழுக்கில் கூடுதல் வோல்ற் தொலையும். தொலைந்தால் இன்னும் இழுக்கும். சறுக்குமரத்தில் கால் வைத்த மாதிரி, ஒரு அளவுக்குக் கீழே போனதும் தானாகவே அடிமட்டத்துக்குப் போய்ச் சுற்று கையை விட்டுவிடும். நீங்கள் பார்க்கிற பச்சை, வெள்ளை மின்னல், சிவப்பு, இருட்டு என்ற வரிசை அந்தச் சறுக்கல்தான் என்பது என் கணிப்பு.

அழுக்கு எங்கே என்று பார்க்குமுன் பற்றரியைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் செலவு குறைந்த பிழை அது. எங்கள் பக்கச் சில்லறைக் கடைகளில் மணிக்கூட்டுக்கும் ரிமோட்டுக்கும் விற்கிற மலிவுப் பற்றரி பெரும்பாலும் துத்தநாகக் காபன் வகை. மணிக்கூட்டுக்கு அது போதும். பாரம் ஏறியவுடன் அதன் வோல்ற் சடாரென்று இறங்கிவிடும், ஏனென்றால் அதன் உட்தடை அதிகம். ஐபிஎஸ் போட்ட கேம்போய்க்கு அதைப் போடவே கூடாது. அல்கலைன் என்று எழுதிய புதுச்சோடி ஒன்று வாங்குங்கள். ஒன்று பழசு ஒன்று புதுசாகக் கலக்க வேண்டாம். சார்ஜ் செய்யும் நிக்கல் வகைப் பற்றரி ஒன்றுக்கு 1.2 வோல்ற் என்று எழுதியிருக்கும், இரண்டுக்கு 2.4 ஆகும். பாரத்தை அது நன்றாகவே தாங்கும், ஆனால் தொடங்கும்போதே படிக்கட்டில் ஒரு படி கீழே நிற்பதால் பாதை சுத்தமாக இருந்தால்தான் ஓடும். பிழை தேடும் நேரத்தில் அல்கலைனே நல்லது. பத்து நிமிஷம் ஓடிவிட்டுப் பிறகு படுத்தது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பற்றரியே குற்றவாளியாக இருக்க நல்ல இடமிருக்கிறது.

புதுப் பற்றரியிலும் அதே கதை என்றால் அடுத்து சுவிச். என் மேசைக்கு வந்த இப்படியான கேம்போய்களில் அதிகமானவை சுவிச்சால்தான் வந்தன. அந்தச் சின்னத் தள்ளு சுவிச்சுக்குள் உலோகத் தகடு ஒன்று மற்றொன்றின் மேல் உரசிப் போகிறது. இருபது வருஷத்துக் கறுப்பும், காய்ந்த பழைய கிறீஸும் அதற்குள் படிந்திருக்கும். நம்முடைய மண்ணில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. பெரியகல்லாற்றில் உங்களுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காற்றில் வருகிற உப்புத்தூள், ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் காற்றில் இருந்தே தண்ணீரை உறிஞ்சித் தானாகக் கரைந்துவிடும். மாரியில் நம் பக்கத்தில் அந்த அளவைத் தாண்டாத இரவு குறைவு. கச்சான் காற்றுக் காலத்தில் காய்ந்து தூளாகும், மாரியில் திரும்பக் கரையும். அலுமாரி பூட்டியிருந்தாலும் உலோகத்துக்கு இது பொருட்டில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நான் வேலை பழகிய கடைக்குக் கடல்நீர் குடித்த ரேடியோவும் போனும் சாக்கில் வந்தன. நல்ல தண்ணீரில் அலசி, பல நாள் உலர்த்தி, ஓடவைத்துக் கொடுத்தோம். சில கிழமையில் திரும்பி வந்தவற்றைத் திறந்தால் சிப் நன்றாக இருக்கும். சுவிச்சும் சொக்கற்றும்தான் பச்சை பூத்திருக்கும். சிலருக்கு அந்த ரேடியோ மட்டும்தான் வீட்டில் மிஞ்சியிருந்தது. சுவிச்சை முதலில் பார் என்று அன்றைக்குப் பழகியது இன்றைக்கும் விட்டுப்போகவில்லை.

சுவிச்சைச் சோதிக்கும்போது புதியவர்கள் எல்லோரும் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. மீற்றரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து சுவிச்சின் இரண்டு காலிலும் தொடுவார்கள், ‘பீப்’ என்று கேட்கும், சுவிச் நல்லது என்று முடிவு கட்டுவார்கள். மலிவு மீற்றர்கள் பல 30 ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். நம்மைப் படுத்துகிறது அரை ஓம், ஒரு ஓம். அந்தப் பீப்புக்கு இங்கே பெறுமதி இல்லை. சரியான சோதனை, மின்சாரம் ஓடும்போது வோல்ற் பார்ப்பது. மீற்றரை 20 வோல்ற் டிசியில் வையுங்கள். முன் கவரைக் கழற்றி, போர்டைப் பின் கவரிலேயே இருத்தி, பற்றரி போட்டுக்கொள்ளுங்கள். முதலில் போர்டில் பற்றரி தொடுகிற இரண்டு தகட்டிலும் முனைகளை வைத்து, சுவிச்சைத் தள்ளாமல் ஒரு அளவு, தள்ளியவுடன் ஒரு அளவு எடுங்கள். புது அல்கலைன் சோடி தள்ளுமுன் 3.1 அல்லது 3.2 காட்டும். தள்ளியவுடன் கொஞ்சம் இறங்கும், அது இயல்பு. 2.5க்குக் கீழே பாய்ந்தால் குற்றம் பற்றரியில் அல்லது பற்றரி தொடும் ஸ்பிரிங்கில். அங்கே நிலையாக நின்றால், இனி ஒரு முனையை சுவிச்சுக்கு மின்சாரம் வரும் காலிலும் மற்றதை வெளியே போகும் காலிலும் வைத்துக்கொண்டு தள்ளுங்கள். நல்ல சுவிச்சில் வாசிப்பு ஏறக்குறைய பூச்சியம். 0.2, 0.3 என்று காட்டினால் திருடன் அகப்பட்டுவிட்டான்.

ஒரு சிக்கல்: உங்கள் கேம்போய் ஒரு வினாடியில் அணைந்துவிடுகிறது, அணைந்தவுடன் ஓட்டம் நின்று வாசிப்பும் மாறிவிடும். அண்ணாவைக் கூப்பிட்டு மீற்றர் முகத்தைப் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். பிறகு வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் அந்த ஒரு கணத்து எண் கிடைக்கும். நான் கடையில் இப்படித்தான் செய்கிறேன். முனை வழுக்கிப் பக்கத்துக் காலில் படாமல் கையை மேசையில் ஊன்றிப் பிடியுங்கள். இந்தச் சோதனையில் புதுச் சேதம் வரக்கூடிய ஒரே இடம் அது.

சுத்தம் செய்ய 99 வீத ஐசோபுரோப்பைல் வேண்டும். போன் திருத்தும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் தெரியும், கொஞ்சம் ஊற்றித் தருவார்கள். பாமசியில் விற்கிற ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும். வேறு வழியில்லாதபோது பாவிக்கலாம், ஆனால் காய நீண்ட நேரம் விட வேண்டும். தின்னர் கவரைக் கரைக்கும். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிறே அன்றைக்கு வேலை செய்த மாதிரி இருக்கும், பிறகு தூசியை ஒட்டவைத்துப் பழையதைவிட மோசமாக்கிவிடும். பற்றரியைக் கழற்றிவிட்டு, சுவிச்சின் இடைவெளியில் ஐபிஏ இரண்டு மூன்று சொட்டு விட்டு, முப்பது நாற்பது தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுங்கள். கறுப்புத் தண்ணீர் வெளியே வரும். பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து, திரும்பச் சொட்டு விட்டு, தண்ணீர் தெளிவாகும் வரை செய்யுங்கள். அரை மணித்தியாலம் காயவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள். அவசரப்பட்டு சுவிச்சின் தகரத் தொப்பியை நெம்பித் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் தகடு மிகச் சிறியது, தெறித்துப் போனால் தரையில் தேட வேண்டிவரும். மூன்று முறை சுத்தம் செய்தும் 0.1க்குக் கீழே வரவில்லை என்றால் சுவிச்சை மாற்றுவதே மேல், புது சுவிச் தனியாகக் கிடைக்கிறது.

பற்றரிப் பெட்டிக்குள் வெள்ளைத்தூள் இருந்தால் அது அல்கலைன் பற்றரி கசிந்த காரம். பஞ்சுக்குச்சியில் வினாகிரி அல்லது தேசிக்காய்ப் புளி தொட்டுத் தடவினால் நுரைத்துக் கரையும். போர்டில் வழிய விடாமல், பிறகு ஐபிஏயால் துடைத்துவிடுங்கள். பச்சையாக இருந்தால் செம்பு அரித்திருக்கிறது, அந்தத் தகட்டின் அடியில் ஈயம் விட்டுப்போயிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். அரத்தாளால் தேய்ப்பதை நான் விரும்புவதில்லை, மேல்பூச்சு போய்விட்டால் நம் காற்றில் தகடு வேகமாகத் துருப்பிடிக்கும்.

அண்ணா சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். அந்த மூன்று வயரும் எல், ஆர், செலக்ட் பொத்தான்களின் புள்ளிகளுக்குப் போகிறவை. அதில் ஒன்று பக்கத்தில் பட்டுக்கொண்டிருந்தால், அந்தப் பொத்தானை யாரோ எப்போதும் அமத்திப் பிடித்திருப்பதுபோல் நடக்கும். மின்சாரம் அணையாது. அதிகச் சூட்டில் புள்ளி உரிந்திருந்தால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது, அப்போதும் மின்சாரம் அணையாது. ஆகவே அந்தக் குற்றச்சாட்டு உங்கள் அடையாளத்துக்குப் பொருந்தவில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: ஈயத்துளி ஒன்று தெறித்து, மின்சாரம் போகும் இரண்டு புள்ளிக்கு நடுவில் உட்கார்ந்திருக்கலாம். பழைய பல்துலக்கியில் ஐபிஏ தொட்டுப் போர்ட் முழுவதையும் மெதுவாகத் தேய்த்துவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால் மூன்று வயரையும் கழற்றிவிடுங்கள். அவை இல்லாமலும் டிஸ்பிளே வரும், வெளிச்சத்தை மாற்ற முடியாது என்பது மட்டும்தான். திரும்பப் பிடிக்கும்போது, ஈயம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் பசை தொட்டு, ஈயக்கோலை ஒரு புள்ளியில் இரண்டு வினாடிக்கு மேல் வைக்காதீர்கள்.

பழைய டிஸ்பிளே இன்னும் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது பெரிய உதவி. அதைத் திரும்பப் பூட்டிப் பாருங்கள். அரை மணித்தியாலம் நிலையாக ஓடினால் போர்ட் உயிரோடு இருக்கிறது என்பது உறுதி, அண்ணாவுக்கும் காட்டலாம். ஓடாவிட்டால் அதைக்கொண்டு போர்ட் செத்தது என்று சொல்ல முடியாது, டிஸ்பிளேயைப் போர்டோடு இணைக்கும் தட்டை வயரான பழைய ரிப்பன் கழற்றும்போது மடிந்து முறிந்திருக்கவும் கூடும். ரிப்பன் பூட்டும்போது சொக்கற்றின் பூட்டுப்பட்டியை இரண்டு ஓரத்திலும் சமமாக நகத்தால் உயர்த்துங்கள், ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் காது ஒடிந்துவிடும். போர்டுகளில் 40 கால் சொக்கற், 32 கால் சொக்கற் என்று இரண்டு வகை உண்டு. கிற்றுகள் பலவற்றில் இரண்டுக்கும் ரிப்பன் வரும். உங்களுக்கு முதல் நாள் படம் வந்ததால் சரியானதைத்தான் போட்டிருக்கிறீர்கள், ஆனால் ரிப்பன் சற்றுச் சாய்வாக நின்றாலும் வெள்ளைத் திரையும் கோடும் வரும்.

கவரும் ஒரு காரணமாகலாம். பழைய கவரில் ஐபிஎஸ் உட்கார உள்பக்கப் பிளாஸ்ரிக்கை வெட்டவேண்டும், குறைவாக வெட்டியிருந்தால் திருகாணியை இறுக்கும்போது போர்டும் டிஸ்பிளேயும் அழுத்தப்படும். கவர் திறந்திருக்கும்போது நன்றாக ஓடி, பூட்டியவுடன் அணைந்தால் காரணம் அதுதான். டிஸ்பிளேயின் பின்புறத்துக்கும் போர்டுக்கும் நடுவில் மஞ்சள் நிறச் சூடு தாங்கும் ரேப் ஒட்டுங்கள், சாதாரண செலோரேப் நம் வெயிலில் பசை கசியும். இடையிடையே படம் நகரும்போது மெல்லிய வெட்டுக்கோடு தெரிந்தால் அதைத் தேடிக் களைக்க வேண்டாம். கேம்போய் வினாடிக்கு 59.73 தடவை படம் அனுப்புகிறது, சில கிற்றுகள் 60 தடவை காட்டுகின்றன. அந்த இடைவெளிதான் கோடாகத் தெரிகிறது.

இதுவரை சொன்னவற்றில் மின்பாதைக் கணக்கும் சோதனை முறையும் உறுதியானவை. உங்கள் கேம்போயில் குற்றவாளி சுவிச்சா பற்றரியா என்பது, அளவு வரும்வரை ஊகம் மட்டுமே. சுவிச் சுத்தம், பற்றரி புதுசு, ரிப்பன் நேர், பழைய டிஸ்பிளே ஓடுகிறது, புதியது மட்டும் அணைகிறது என்றால் சந்தேகம் கிற்றின் மேல் போகிறது. அதை இன்னொரு நல்ல கிற்றை மாற்றிப் போட்டுத்தான் தீர்மானிக்கலாம், எழுத்தில் என்னால் சொல்ல முடியாது. மின்சாரம் போதவில்லை என்று போன் சார்ஜரின் 5 வோல்ற்றைப் பற்றரித் தகட்டில் கொடுக்க வேண்டாம். இரண்டு பற்றரியின் 3 வோல்ற்றுக்குச் செய்த சுற்று அது, அப்போதுதான் உண்மையாகவே போர்ட் போகும். லிதியம் பற்றரிக் கிற் போடும் ஆசை இருந்தால் அதையும் இந்தப் பிழை தீரும்வரை தள்ளி வையுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது கெடுத்தது, எது சரிப்படுத்தியது என்று யாராலும் சொல்ல முடியாது.

புது அல்கலைன் போட்டுப் பற்றரித் தகட்டில் தள்ளுமுன், தள்ளியபின் என்று இரண்டு எண், சுவிச்சின் குறுக்கே ஒரு எண், இந்த மூன்றையும் கீழே எழுதுங்கள். போர்டின் இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது. கடைக்குக் கொண்டுபோக நேர்ந்தால், யாரிடம் கொடுத்தாலும், பழைய டிஸ்பிளே, இரண்டு ரிப்பன், கழற்றிய திருகாணிகள் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொண்டுபோங்கள். பின் கவரில் இருக்கும், தலையில் ‘Y’ மாதிரி மூன்று வெட்டு உள்ள திருகாணிகளில் ஒன்று தொலைந்தாலும் இங்கே உடனே கிடைக்காது.